வால்புறம் மொட்டையாகும் கோழிகள்: இறகு கொத்துவதை எப்படி நிறுத்துவது?

புதுக்கூண்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறத்தில் எட்டுப் பெட்டைக்கோழிகளை வளர்த்து வருகிறேன். சேவல் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் குஞ்சுகளாக வந்தவை. இப்போது ஒன்றரை வயது ஆகிறது. ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு கோழியின் வாலுக்குச் சற்று மேலே, உள்ளங்கையளவு இடத்தில் இறகுகள் குறைந்திருப்பதைக் கவனித்தேன். இறகு உதிர்க்கும் பருவமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த பத்து நாட்களில் இரண்டாவது கோழிக்கும் அதே இடம் மொட்டையாகிவிட்டது. நேற்று மாலை மூன்றாவது கோழியின் வாலடியில் இரத்தம் கசிந்திருந்தது. மற்றவை அதை மூலைக்கு மூலை துரத்திக் கொத்திக்கொண்டிருந்தன. அதைப் பிடித்து ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இரவுக் கொட்டகை இரண்டரை மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உடையது. அதை ஒட்டி மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவில் கம்பிவலை அடைப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன்பு வரை கோழிகள் பகல் முழுவதும் தோட்டத்தில் திரிந்தன. நாய் ஒன்று புகுந்து ஒரு கோழியைக் கவ்விச் சென்றதிலிருந்து அடைப்பை விட்டு வெளியே விடுவதில்லை. அதே பயத்தால் கொட்டகையில் இரவு பத்து மணி வரை விளக்கு எரிகிறது. காலையில் முட்டைக்கோழிக்கான குச்சித் தீவனம் வைக்கிறேன். மாலையில் உடைத்த மக்காச்சோளம் சுமார் 300 கிராம், ஒரு தட்டில். சுத்தத்தில் குறை வைப்பதில்லை: அடைப்பையும் கொட்டகையையும் நாள்தோறும் கூட்டி, தரையில் ஒரு துரும்பு இல்லாமல் வைத்திருக்கிறேன்.

இது நோயா, சத்துக்குறைவா, அல்லது கோழிகளின் குணமே இப்படி மாறிவிட்டதா? அலகு நுனியை வெட்டினால் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். அதைச் செய்யத் தயக்கமாக இருக்கிறது.

கூரைமேல் சேவல்

முதலில் காயம்பட்ட கோழியைப் பார்ப்போம். அதைப் பிரித்தது சரியான முடிவு. கோழிகளின் கண் சிவப்பை விடாது. தோலில் ஒரு பொட்டு இரத்தம் தெரிந்தால், அதுவரை ஒதுங்கி நின்ற கோழியும் வந்து கொத்தும். வெதுவெதுப்பான உப்புநீரால் காயத்தைக் கழுவி, நீர்த்த அயோடின் கரைசல் இடுங்கள். காயத்தின் சிவப்பு நிறத்தை மறைக்கும் தெளிப்பு மருந்துகளும் கிடைக்கின்றன. முட்டையிடும் கோழிக்கு எது பொருந்தும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, எச்சத்துவாரத்தை ஒட்டி இருந்தாலோ நீங்களே மருந்து போட்டுக் காத்திருக்க வேண்டாம், நேரில் காட்டிவிடுங்கள்.

பெட்டியை மட்டும் மாற்றுங்கள். கோழியை மற்றவற்றின் கண்ணுக்கே படாமல் பல நாட்கள் வைத்தால், திரும்பி வரும்போது அது கூட்டத்துக்கு அந்நியமாகிவிடும். பழைய காயத்தின் மேல் புதுச் சண்டையும் சேரும். அடைப்பின் ஒரு மூலையைக் கம்பிவலையால் தடுத்து, தனித் தீனியும் தண்ணீரும் வைத்து அங்கே விடுங்கள். மற்றவை அதைப் பார்க்கலாம், தொட முடியாது.

காரணத்தைப் பற்றி நான் இப்போதே எதுவும் சொல்லப் போவதில்லை. கோழி மொட்டையாவதற்குக் காரணங்கள் பல. எதற்கு எது மருந்து என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலித்தது என்பதே கடைசி வரை தெரியாது. ஆகவே சிலவற்றைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

இன்றிரவு இருட்டிய பின் கைவிளக்குடன் கொட்டகைக்குள் போங்கள். கோழிகள் உட்காரும் கம்பின் அடிப்புறத்தையும், கம்பு சுவரில் பொருந்தும் இடுக்குகளையும் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடுகள் விழுந்தால் அது செள்ளு. பகலில் இடுக்கில் பதுங்கி இரவில் மட்டும் வந்து இரத்தம் குடிக்கும் இந்தப் பூச்சி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. பசித்திருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பின் சிவப்பு. பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். அத்துடன், ஒவ்வொரு கோழியின் எச்சத்துவாரத்தைச் சுற்றிய இறகுகளையும் விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாகத் திரண்டிருந்தால் பேன் முட்டைகள். கறுத்து அழுக்குப் படிந்ததுபோல் இருந்தால் கோழியின் உடலிலேயே குடியிருக்கும் வேறு வகைச் செள்ளு.

அடுத்து, மொட்டையான இடத்தை உற்றுப் பாருங்கள். தோல் வழவழப்பாக இருக்கிறதா, அல்லது முறிந்த இறகுத்தண்டுகள் குச்சி குச்சியாக நிற்கின்றனவா? பருவத்து இறகுதிர்ப்பு பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லும். வாலடியில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவுக்கு நின்றுவிடாது. சேவல் இருந்தால் அது மிதிப்பதால் முதுகு தேயலாம். உங்களிடம் சேவல் இல்லை என்பதால் அந்தக் கேள்வி எழவில்லை.

கடைசியாக ஒன்று: நாள்தோறும் கூட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். கூட்டும்போது எத்தனை இறகுகள் வருகின்றன?

நேர்வாக்கு

இவ்வளவு சுற்றி வளைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. எந்தக் கூட்டத்திலும் இறகு பிடுங்குவது ஒன்றோ இரண்டோ கோழிகள்தான். எதன் இறகு முழுமையாக, பளபளப்பாக இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. அதைக் கூட்டத்திலிருந்து விலக்குங்கள், அல்லது அலகு நுனியை வெட்டிவிடுங்கள். பண்ணைகளில் காலங்காலமாகச் செய்வதுதானே இது.

புதுக்கூண்டு

இருவருக்கும் நன்றி. சொன்னபடி எல்லாவற்றையும் பார்த்தேன்.

துணியில் சிவப்புக் கோடு ஏதும் விழவில்லை. அடுத்த இரவும் துடைத்துப் பார்த்தேன், தூசி மட்டுமே. எட்டுக் கோழிகளிலும் பேன் முட்டைகள் இல்லை. மொட்டையான இடத்தில் இரண்டு விதமும் இருக்கின்றன: நடுப்பகுதி வழவழப்பான இளஞ்சிவப்புத் தோல், ஓரங்களில் முறிந்த தண்டுகள்.

இறகுகளைப் பற்றிய கேள்விதான் என்னைத் திகைக்க வைத்தது. தோட்டத்தில் திரிந்த காலத்தில் கூட்டினால் ஒவ்வொரு நாளும் ஐந்தாறு இறகுகளாவது வரும். இப்போது மூன்று கோழிகள் மொட்டையாகி இருக்கின்றன. ஆனால் கடந்த சில வாரங்களில் முறத்தில் ஓர் இறகைக்கூடப் பார்த்த நினைவில்லை. தரை சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேனே தவிர, அவை எங்கே போகின்றன என்று யோசிக்கவே இல்லை.

நேற்று மாலை ஒரு மணி நேரம் அடைப்புக்கு வெளியே அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். சோளத்தட்டு ஐந்து நிமிடத்தில் காலியானது. அதன் பிறகு எல்லாம் சும்மா நின்றன. ஒரு பழுப்புக் கோழி மற்றொன்றின் பின்னால் மெதுவாகப் போய் நின்று, தலையைச் சாய்த்து, வாலடியையே சிறிது நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு ஒரே இழுப்பு. பிடுங்கிய இறகை அலகில் இரண்டு முறை புரட்டி, அடித்தண்டு முன்னே போகும்படி திருப்பி, விழுங்கிவிட்டது. இழுக்கப்பட்ட கோழி ஒரு சத்தம் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றது, அவ்வளவுதான். சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. நேர்வாக்கு சொன்னதுபோல் அந்தப் பழுப்புக் கோழியின் இறகுகள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கின்றன.

மண்குளியல்

நீங்கள் பார்த்து எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கோழிகள் கொத்துவதெல்லாம் ஒன்றல்ல. யார் பெரியவர் என்பதை நிலைநாட்டும் கொத்து தலையிலும் கொண்டையிலும் விழும். அது சட்டென்று நடந்து முடிந்துவிடும், அதில் கோபம் தெரியும். நீங்கள் கண்டதோ வால், முதுகு, எச்சத்துவாரம் ஆகிய பகுதிகளில், சத்தமின்றி, பொறுமையாக நடப்பது. இதைப் பகைமை என்று கொள்வதைவிட இடம் மாறிப்போன இரைதேடல் என்று கொள்வதே பொருத்தம். கோழி என்பது பகலின் பெரும்பகுதியை மண்ணைக் கீறுவதிலும், புரட்டுவதிலும், கொத்திப் பார்ப்பதிலும் கழிக்கும்படி அமைந்த பறவை. தீனிப்பை நிரம்பிவிட்டது என்பதற்காக அந்த அலகு ஓய்ந்துவிடாது. தோட்டத்தில் அதற்கு நாள் முழுவதும் வேலை இருந்தது. இப்போது காலையில் குச்சித் தீவனம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, மாலையில் தட்டுச் சோளம் ஐந்து நிமிடம்; மீதி நேரம் முழுவதும் கூட்டிப் பெருக்கிய வெறுந்தரை. அங்கே கொத்துவதற்குச் சுவையான பொருள் என்று இருப்பது அடுத்த கோழியின் முதுகு மட்டுமே.

வருத்தப்படாமல் கேளுங்கள்: உங்கள் விளக்குமாறு இதில் ஒரு பங்காளி.

இடம் போதவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். கணக்குப் போட்டால் அடைப்பில் கோழிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. கொட்டகையில் அரைச் சதுர மீட்டருக்குச் சற்றே குறைவு. இந்த எண்ணிக்கைக்கு அது மோசமில்லை. குறை, அந்த இடத்தில் செய்வதற்கு எதுவும் இல்லாததில்தான். ஆகவே கூட்டுவதை நிறுத்திவிட்டு, 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு உலர்ந்த வைக்கோலும் மரச்சீவலும் கலந்து கூளம் போடுங்கள். ஈரமான இடத்தை மட்டும் அள்ளி மாற்றினால் போதும். தானியத்தைத் தட்டில் வைக்காமல் அந்தக் கூளத்தின் மேல் விசிறிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் தீர்ந்த அதே தானியத்தை ஒரு மணி நேரம் கீறித் தேடும். ஒரு மூலையில் உலர்ந்த மண்ணும் மணலும் கொட்டி மழை படாமல் மூடினால் மண்குளியலுக்கு ஆயிற்று. கீரைக்கட்டு அல்லது முட்டைக்கோஸ் ஒன்றைத் தலைக்குச் சற்று மேலே கயிற்றில் தொங்கவிடுங்கள். அது ஆடிக்கொண்டே இருப்பதால் கொத்தக் கொத்த வேலை மிஞ்சும். வைக்கோல் கட்டு ஒன்றைப் பிரிக்காமல் நடுவில் வைத்தால், பிரித்துப் போடும் பொறுப்பை அவையே எடுத்துக்கொள்ளும். துரத்தப்படும் கோழி மறைந்து நிற்க ஒரு சுவரும் கிடைக்கும்.

இனி தீவனம். 300 கிராம் சோளத்தை நீங்கள் சிறு தின்பண்டமாக நினைக்கிறீர்கள். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 முதல் 120 கிராம் வரை உண்ணும். எட்டுக்கும் சேர்த்து 900 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, மூன்றில் ஒரு பங்கு சோளம். முட்டைக்கோழித் தீவனத்தில் 16 விழுக்காடு புரதம் இருந்தால், சோளத்தில் இருப்பது 8 அல்லது 9 விழுக்காடு. இரண்டும் கலந்தால் கோழிக்குச் சேர்வது பதின்மூன்றரை விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடுகிறது. இறகு என்பது பெரும்பாலும் புரதமே. அதை வளர்க்கக் கந்தகம் கொண்ட மெத்தியோனின், சிஸ்டைன் ஆகிய அமினோ அமிலங்கள் வேண்டும். சோளம் அவற்றில் ஏழை. எனவே சோளத்தை மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்காக, அதாவது கோழிக்குப் பத்துக் கிராம் அளவுக்குக் குறையுங்கள். இறகு மீண்டும் முளைக்கும் வரை 18 விழுக்காட்டுக்குக் குறையாத புரதமுள்ள தீவனம் கொடுக்கலாம். அப்படி மாற்றினால் அதில் முட்டைக்கோழிக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து இல்லாமல் போகலாம். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.

குச்சித் தீவனத்துக்குப் பதிலாகத் தூள் தீவனம் கொடுத்தால் உண்பதற்கு நெடுநேரம் பிடிக்கும். அதுவும் நமக்கு ஆதாயம்தான். இறகை விழுங்கும் கோழிகளின் தீனியில் எளிதில் செரிக்காத நார் குறைவாக இருப்பதுண்டு. அவற்றின் குடலுக்குள் இறகு ஏறத்தாழ நாரின் வேலையைச் செய்கிறது. வைக்கோல், பசும்புல், தானிய உமி போன்றவற்றைத் தாராளமாகக் கிடைக்கச் செய்தால் அரைவைப்பை நிறையும், இறகின் மேலுள்ள ஆசையும் தணியும்.

உப்புக் குறைந்தாலும் கோழிகள் கொத்தும் என்பது உண்மை. அதற்காகக் கைக்கணக்கில் தண்ணீரில் உப்புக் கலக்காதீர்கள். கோழிக்கு உப்பு மிகுந்தால் நஞ்சு. தரமான முழுத்தீவனத்தில் தேவையான உப்பு ஏற்கெனவே இருக்கிறது. சோளத்தைக் குறைத்தாலே அந்தக் கணக்கு நேராகிவிடும்.

கூரைமேல் சேவல்

மண்குளியல் சொன்னதற்கு மேல் காரணத்தைப் பற்றி நான் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. தரையில் இறகு கிடக்கிறதா என்று கேட்டது அதற்காகத்தான். இறகு உதிர்ந்தால் கூளத்தில் கிடக்கும். காணாமல் போனால் ஏதோ ஒரு கோழியின் வயிற்றில் இருக்கிறது.

விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. விடியலில் எழும் கோழிக்கு இரவு பத்து மணி வரை வெளிச்சம் என்றால் பகல் 16 மணி நேரத்தைத் தொடும், தாண்டவும் கூடும். வேலையில்லாத பகலை இன்னும் நீட்டிக் கொடுக்கிறீர்கள். வெளிச்சம் கூடக் கூடக் கொத்தும் கூடும். நாய்க்காகத்தான் விளக்கு என்றால் அதைக் கொட்டகைக்கு வெளியே மாட்டி, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். முட்டையிடும் பெட்டிகளின் வாயிலில் துணித்திரை தொங்கவிடுவதும் நல்லது. முட்டை வெளிவந்த சில நொடிகளுக்கு எச்சத்துவாரத்தின் ஈரமான உட்புறம் சிவப்பாக வெளியே தெரியும். வெளிச்சத்தில் அதைப் பார்க்கும் கோழி கொத்தத் தொடங்கினால் குடலையே வெளியே இழுத்துவிடும். இறகு போனால் வளரும், அந்தக் காயத்திலிருந்து கோழி பிழைப்பது அரிது. உட்காரும் கம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். தரையில் நிற்கும் கோழியின் அலகுக்கு, மேலே உட்கார்ந்த கோழியின் வால் எட்டுமானால், கம்பை 60 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்திவிடுங்கள்.

அடுத்து நேர்வாக்குக்கு. குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் உங்கள் வழி சரிதான். பழுப்புக் கோழியைச் சுட்டியது அதுவே. அலகு வெட்டுவதில்தான் நான் மாறுபடுகிறேன். அலகின் நுனி நகம் போன்ற உயிரற்ற பொருள் அல்ல. தொட்டு உணரும் நரம்புகள் நிறைந்த உறுப்பு. பெரிய பண்ணைகளில் வெட்டுவதால் காயங்கள் குறைகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது கொத்தின் கூர்மையைத்தான் குறைக்கிறது, கொத்தும் நாட்டத்தை அல்ல. நார்வே 1974-லும் ஸ்வீடன் 1988-லும் அதைச் சட்டத்தால் தடை செய்தன. எட்டுக் கோழிகளை வைத்திருப்பவர் அந்த வழிக்குப் போக வேண்டிய கட்டாயமே இல்லை.

பழுப்புக் கோழியை மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை, மற்றவற்றின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிரித்து வையுங்கள். காயம்பட்டதற்கு நான் சொன்னதற்கு நேர் எதிர் இது, காரணத்தோடுதான் சொல்கிறேன். திரும்பி வரும்போது அது கூட்டத்தில் தன் பழைய இடத்தை இழந்து, சில நாட்களாவது அடங்கி இருக்க வேண்டும். அதற்குள் கூளம், தீவனம், விளக்கு ஆகிய மூன்றையும் மாற்றி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய வெறுந்தரைக்குத்தான் அது திரும்பும். பிரித்த நாட்களில் மற்ற ஏழையும் கவனியுங்கள். இந்தப் பழக்கம் பார்த்துப் பார்த்தே தொற்றும். இதற்குள் இன்னொரு மாணவி தேறியிருக்கக்கூடும்.

நேர்வாக்கு

மாணவி என்றது பொருத்தம்தான். என்னிடம் அப்படித்தான் நடந்தது. ஒன்றை விலக்கினேன், பத்து நாளில் வேறொன்று அந்த வேலையைத் தொடங்கியது. அதையும் விலக்கினேன். மூன்றாவது வந்தபோது கோழி வளர்ப்பையே சிறிது காலம் நிறுத்திவிட்டேன். தரையை மாற்றிப் பார்க்கும் எண்ணம் அப்போது வரவில்லை. ஒரு கேள்வி: அலகின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் மறைப்பு பயன்படுமா?

கூரைமேல் சேவல்

மூக்குத் துளைகளில் கவ்விக்கொண்டு, நேர்முன்னே பார்ப்பதை மட்டும் தடுக்கும் வகை உண்டு. கடைசி முயற்சியாகச் சில வாரங்களுக்குப் பயன்படுத்தலாம். கோழி தீவனத்தையும் தண்ணீரையும் சிரமமின்றி எட்டுகிறதா என்பதை முதல் இரண்டு நாள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். நடுமூக்கைத் துளைத்து ஊசி செருகும் வகையைத் தொடவே தொடாதீர்கள். மொட்டையான கோழிகளின் முதுகுக்குத் துணிக்கவசம் கட்டலாம். வெயிலும் அலகும் படாமல் காக்கும். அடிக்கடி அவிழ்த்து அடியில் பேன் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புதுக்கூண்டு

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பழுப்புக் கோழியை ஐந்து நாள் பிரித்து வைத்து, மாலை இருட்டும் நேரத்தில் கம்பின் மேல் உட்கார வைத்தேன். முதல் இரண்டு நாள் தீவனத் தொட்டிக்குக் கடைசியாகத்தான் வந்தது. இப்போதும் எப்போதாவது இன்னொன்றின் வால் பக்கம் தலையைச் சாய்க்கிறது. ஆனால் காலடியில் கூளம் இருப்பதால் பாதியிலேயே மறந்து கீறப் போய்விடுகிறது. ஒருமுறை இழுத்ததையும் பார்த்தேன். முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

காயம் ஆறிவிட்டது. வழவழப்பாக இருந்த இடத்தில் நீலம் பாரித்த சிறு குருத்துகள் வந்திருக்கின்றன. அவற்றில் இரத்தம் ஓடுவதால் துணிக்கவசத்தைக் கழற்றவில்லை. முறிந்த தண்டுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. அவை எப்போது வளரும்?

மண்குளியல்

வேரோடு வந்த இறகின் இடத்தில் சில வாரங்களில் புதியது முளைத்துவிடும். முறிந்த தண்டு தோலில் நிற்கும் வரை அங்கே வளராது. அடுத்த இறகுதிர்ப்பில் தண்டு தானாக விழுந்த பிறகுதான் புதியது வரும். பிடுங்கிவிட எண்ண வேண்டாம், அதற்கு வலிக்கும், இரத்தமும் வரும். இறகு குறைந்த கோழியின் உடற்சூடு விரைவாக வெளியேறும் என்பதால் அவை சற்று அதிகமாகத் தின்னும்; தீவனத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

புதுக்கூண்டு

குறைக்கவில்லை. இன்று காலை கூளத்தில் இரண்டு இறகுகள் கிடந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு. கோழிகள் அவற்றை மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் சோளம் தேடிக்கொண்டிருந்தன. மாலையில் போய்ப் பார்த்தேன். இரண்டும் அங்கேயே இருந்தன.